அவிழ்க்க வேண்டாம் என்றார்கள், மாப்ள

என் தங்கை பேச்சிக்கு மாலையிட்டவனே, கைவண்டியில் காலமெல்லாம் எனக்கு முன்னால் நடந்தவனே, முருகையா மாப்ள,

இருக்கியா, சாப்பிட்டியா என்று கேட்டுத்தான் உன்னோடு பேச்சைத் தொடங்கிப் பழக்கம். இப்போது எதைக் கேட்பது? அங்கே புரண்டு படுக்க முடிகிறதா, அதை மட்டும் சொல்.

உனக்கும் எழுத்து தெரியாது, எனக்கும் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் கனகம் எழுதுகிறாள். தென்காசியில் படித்துவிட்டு இங்கே வாழ வந்தவள், அதனால் தமிழ் கை ஓடுகிறது. மட்டாஞ்சேரியில் பிறந்த நம் தெருப் பிள்ளைகளிடம் கொடுத்தால் மலையாளத்தில்தான் எழுதித் தருவார்கள். தெருச் சங்கம் போடும் மலரில் இதை அச்சடிக்கப் போகிறார்களாம். அடிக்கட்டும். நாலு பேர் படிக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். நீ, நான் வாய்விட்டுச் சொல்லும்போதே கேட்டுக்கொள்.

முதலில் சேதி. உன் சாவு இன்னும் முடியவில்லை மாப்ள. முடித்துவிடப் பார்க்கிறார்கள், நான் விடவில்லை.

அந்த முதியோர் இல்லத்திலிருந்து காலையில் போன் வந்தது. கனகம்தான் எடுத்தாள். "அப்பூப்பன் உறக்கத்தில போயி. சுகமான மரணம்" என்றானாம் மேனேஜர். தாத்தா தூக்கத்திலேயே போய்விட்டாராம். அவர்கள் டாக்டர் ஒரு காகிதமும் எழுதிக் கொடுத்திருந்தார். கனகம் படித்துச் சொன்னாள்: வயது மூப்பு, இதயம் நின்றுவிட்டது. இதயம் நிற்காமல் யாராவது செத்திருக்கிறார்களா? ஏன் நின்றது என்று ஒரு வார்த்தை அதில் இல்லை.

படிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள். பேச்சி போனபிறகு நீ சுள்ளிக்கல்லில் தனியாகத்தான் இருந்தாய். ஒருநாள் சாயாக்கடையில் கிளாஸ் கை நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவன் அப்படியே சரிந்தாய். வலது பக்கம் முழுக்கப் போயிற்று, பேச்சும் போயிற்று. உன் ஒரே மகள் செல்வி மஸ்கட்டிலிருந்து ஓடி வந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா செல்வியையும் என்னையும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நிறுத்திச் சொல்லித் தந்தார். படுத்த படுக்கையாகிவிட்ட ஆளை நேரத்துக்கு நேரம் புரட்ட வேண்டும். முதுகையும் இடுப்பையும் குதிகாலையும் பார்க்க வேண்டும். எங்காவது சிவந்தால் அன்றைக்கே சொல்ல வேண்டும். "ஒரே கிடையில கிடந்தா சதை அழுகும் சேட்டா. அழுகின சதை ஆளையே கொண்டுபோகும்" என்றார். நாங்கள் உன்னைப் புரட்டிப் பழகினோம். மிளகு மூட்டையைப் புரட்டுகிற மாதிரியா புரட்டுகிறாய் என்று நீ கோணிய வாயோடு என்னை முறைத்தது எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

என் வீடு மாடியில். ஏணி மாதிரி மரப்படி. உன்னைத் தூக்கிக்கொண்டு ஏற என் வீட்டில் தோள் இல்லை. செல்வி வேலைக்குத் திரும்பவேண்டிய கட்டாயம். அப்படித்தான் திருப்பூணித்துறைக்கு அப்பால் இருந்த அந்த இல்லத்துக்குப் போனோம். வாசலில் செம்பருத்தி, உள்ளே சாம்பிராணி வாசம், சுவரில் எல்லாச் சாமியும்.

செல்வி கேட்டது ஒரே கேள்வி. "அப்பாவப் புரட்டிப் போட ஆள் இருக்கா?"

மேனேஜர் முன்பக்கத்து அறையைத் திறந்து ஒரு கட்டிலைக் காட்டினான். காற்று மெத்தை. மோட்டார் ஓடினால் அது தானாக ஏறி இறங்கும், சதை ஒரே இடத்தில் அழுந்தாது. "இது இருக்கும்போள் பேடிக்கண்டா மோளே" என்றான். பயப்பட வேண்டாமாம். செல்வி அந்த மெத்தையைக் கையால் அழுத்திப் பார்த்தாள். அவள் முகம் தெளிந்தது.

ஞாயிறுதோறும் வந்தேன் மாப்ள, உனக்குத் தெரியும். தேவரா வழியாக ஒரு பஸ், அங்கே இறங்கி இன்னொரு பஸ். வருகிறவர்கள் உள்ளே போகக்கூடாது, நோய் தொற்றிவிடும் என்பது அவர்கள் சட்டம். உன்னை முன்கூடத்துக்குச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வருவார்கள். சவரம் செய்த முகம், படிய வாரிய தலை, துவைத்த சட்டை, கழுத்தளவு போர்த்திய பச்சைக் கம்பளி. அந்த வெக்கையில் எதற்குக் கம்பளி என்று ஒருநாள் கேட்டேன். "ஏசி உண்டல்லோ" என்றாள் அங்கே நின்ற பெண். இருந்த ஏசி ஓடவில்லை.

நீ என் கையைப் பிடிப்பாய். பிடித்தால் விடமாட்டாய். நாற்காலியில் உட்கார முடியாமல் ஒரு பக்கமாகவே சாய்வாய். நான் நிமிர்த்தி வைப்பேன். மறுபடியும் சாய்வாய். "என்னவே, சாயாக்கடைப் பெஞ்சுன்னு நெனப்பா? நேரா இரு" என்று கேலி செய்தேன். உன் கண்ணில் தண்ணீர் வந்தது. பக்கவாதம் வந்தவர்களுக்குத் தானாகக் கண்ணீர் வரும் என்று மேனேஜர் விளக்கம் சொன்னான்.

எதைக் காட்ட வேண்டுமோ அதை மட்டும் காட்டினார்கள். முகத்தைக் காட்டினார்கள், முதுகை மறைத்தார்கள்.

ஆனால் ஒரு இடத்தில் அவர்கள் தப்பு செய்தார்கள். நம் ஆட்களின் வழக்கம் அவர்களுக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு ஆம்புலன்ஸ் நம் தெருமுனையில் வந்து நின்றபோது நீ ஏற்கெனவே கட்டப்பட்டிருந்தாய். தலையிலிருந்து கால்வரை வெள்ளைத் துணி, மூன்று இடத்தில் முடிச்சு, பன்னீர் வாசம், நெஞ்சில் ஒரு மலர்வளையம். முகம் மட்டும் திறந்திருந்தது. மேனேஜரே கூட வந்திருந்தான். சுடுகாட்டில் நேரம் சொல்லி வைத்திருப்பதாகவும், வண்டியை விட்டு இறக்காமல் முகம் பார்த்துவிட்டு அப்படியே போய்விடலாம் என்றும் சொன்னான். நல்ல மனிதன் என்று தெருவில் இரண்டு பேர் மெச்சிக்கொண்டார்கள். அலைச்சல் மிச்சம் பாருங்கள்.

நான் இறக்கச் சொன்னேன். நீர்மாலை எடுக்காமல் யாரை எரிப்பது? கோயில் கிணற்றிலிருந்து தலைக்கு மேல் வேட்டி பிடித்துக் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து, உறமுறை எல்லாம் தலையில் எண்ணெயும் சீயக்காயும் வைத்து, நம் கையால் குளிப்பாட்டி, அதற்குமேல்தான் கோடித் துணி. உனக்கு மகன் இல்லை. பேச்சி பிறந்த வீட்டிலிருந்து வரவேண்டிய கோடி என் முறை. அந்த வேட்டியை நான் காலையிலேயே வாங்கிக் கைக்குள் வைத்திருந்தேன்.

"எல்லாம் குளிப்பிச்சு, துடைச்சு, விருத்தியாயிட்டு கெட்டியதா சேட்டா. இனி அழிக்கண்டா" என்றான் மேனேஜர். எல்லாம் சுத்தமாகச் செய்து கட்டியாகிவிட்டது, அவிழ்க்க வேண்டாம் என்கிறான்.

"நீங்க குளிப்பாட்டினது உங்க வழக்கம். நாங்க குளிப்பாட்டுறது எங்க வழக்கம்" என்றேன்.

"பாடி மோசமாகும்."

"காலையில செத்தவர் அதுக்குள்ள எப்படி மோசமாவார்?"

மேனேஜர் முடிச்சின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றான். நான் அந்தக் கையைத் தூக்கி ஓரமாக வைத்தேன். என் வயதுக்கு நான் செய்தது மரியாதைக் குறைவுதான். இருக்கட்டும்.

மேல் முடிச்சை அவிழ்த்தபோது பன்னீருக்கு அடியிலிருந்து வேறொரு வாசம் வந்தது. சுக்கு, மிளகு, மீன், உப்பங்கழி எல்லாம் மணக்கிற ஊர் இது, நம் மூக்கு எதற்கும் மடங்காது. இதற்கு மடங்கியது. மணிக்கட்டில் இரண்டு பக்கமும் கயிறு வைத்துக் கட்டிய தடம். கட்டிலோடு கட்டியிருக்கிறார்கள். அசையாத வலது கையைக்கூடக் கட்டியிருக்கிறார்கள். அந்தக் கை எங்கே ஓடிவிடப் போகிறது மாப்ள?

பிறகு குளிப்பாட்டுவதற்காக உன்னை ஒருக்களித்தோம்.

உன் முதுகை உன்னைவிட நான்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். நீ முன்னால் இழுக்க நான் பின்னால் தள்ளிய காலம் முழுக்க என் கண்ணுக்கு எதிரே இருந்தது அதுதான். வலது தோளில் வார் அறுத்த தழும்பு, அதற்குக் கீழே காசு அளவு மச்சம், நடுவில் ஓடுகிற பள்ளம். வேர்வையில் அது மின்னும்போது, இன்றைக்குக் கொஞ்சம் வேகமாகப் போகிறான் என்று எனக்குத் தெரியும். தழும்பு இருந்தது, மச்சம் இருந்தது. இடுப்பருகே சதை இல்லை. குழிதான் இருந்தது. என் உள்ளங்கையை வைத்தால் மூடாத குழி. உள்ளே வெள்ளையாக எலும்பு. அதன்மேல் பவுடர் கொட்டி, பஞ்சு அடைத்து, பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். இரண்டு குதிகாலும் கறுத்து வெடித்திருந்தன.

குடத்துத் தண்ணீர் குடத்திலேயே இருந்தது. நான் மேனேஜரைத் தேடினேன். அவனும் இல்லை, ஆம்புலன்ஸும் இல்லை.

இதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அவர்கள் செய்தது அந்நியர் செய்தது. நம் தெரு செய்ததைக் கேள். சங்கத் தலைவர் சுடலைமுத்து அண்ணாச்சி என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"வயசான ஒடம்பு, புண்ணு வரத்தான் செய்யும். எரிச்சிட்டுப் பேசிக்கிடுவோம்."

"எரிச்சபிறகு எதை வச்சுப் பேச அண்ணாச்சி?"

"போலீசு வந்தா அறுக்கணும்பான். செத்த ஆளக் கூறு போடக் குடுக்கிறது நம்ம வழக்கமாவே?"

"அறுக்காமலே பாதி அறுந்து கெடக்கு. வந்து பாருங்க."

"நாம பொழைக்க வந்த ஆளுக."

இதைத்தான் நான் பிறந்த நாளிலிருந்து கேட்கிறேன். எத்தனை தலைமுறைக்கு நாம் பிழைக்க வந்த ஆட்கள்? சாகிறதும் இங்கேதானே? பிழைக்க வந்தவன் என்றால் அவன் முதுகில் குழி இருக்கலாமா?

கனகம் போனில் செல்வியைக் கூப்பிட்டாள். மஸ்கட்டில் விமான நிலையத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள் அந்தப் பெண். முகம் மட்டும் போனில் தெரிந்தது. "மாமா, அப்பாவோட முதுகக் காட்டுங்க" என்றாள். வேண்டாம் தாயி என்றேன். "காட்டுங்க மாமா." காட்டினோம். அவள் அழவில்லை. "பொரட்டலயா? ஒரு நாள்கூடப் பொரட்டலயா மாமா?" என்று கேட்டாள். "எரிக்க வேண்டாம்" என்றாள். பெற்ற மகள் சொல்லிவிட்டாள், அதற்குமேல் சங்கத்துக்கு வாய் இல்லை. நான் கோடி வேட்டியை உன்மேல் விரித்துவிட்டு, போலீஸ் வராமல் இவனை யாரும் தூக்கக்கூடாது என்று தலைமாட்டில் உட்கார்ந்தேன். பெண்கள் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். ஆண்கள் வெயிலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

போலீஸும் லேசில் வரவில்லை. என் மகன் ஸ்டேஷனுக்குப் போனான். மரணம் நடந்தது அங்கே, அது எங்கள் எல்லை இல்லை என்றார் எஸ்.ஐ. அந்த ஸ்டேஷனுக்குப் போன் போட்டால், உடல் இருப்பது மட்டாஞ்சேரியில், அங்கே சொல்லுங்கள் என்கிறார்கள். உயிரோடு இருந்தபோது நீ எந்த எல்லையில் வண்டி நிறுத்தினாலும் அபராதம் போட வந்தவர்கள். கடைசியில் கனகம் போனை வாங்கி எஸ்.ஐ.யிடம் சொன்னாள்: "சார், நாங்க பாடிய ஸ்டேஷன் வாசல்ல கொண்டுவந்து வைக்கிறோம். அது உங்க எல்லையா இல்லயான்னு அப்பப் பாத்துக்கலாம்." ஜீப் வந்தது.

எஸ்.ஐ. துணியை விலக்கிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். அதற்கப்புறம் அவர் எல்லை பற்றிப் பேசவில்லை. தெருவிலேயே ஆட்களைச் சாட்சி வைத்து எழுதிக்கொண்டார். இயற்கைக்கு மாறான சாவு என்று கேஸ். நான் பெருவிரல் வைத்தேன்.

அரசு ஆஸ்பத்திரியில் உன்னை அறுத்தது ஒரு பெண் டாக்டர். வெளியே வந்து, தரையில் உட்கார்ந்திருந்த என் பக்கத்தில் குனிந்து சொன்னார். "இது ஒரு ராத்திரில வந்த புண்ணல்ல. ஆழ்ச்சகள் ஆயி." வாரக்கணக்கில் அழுகியிருக்கிறது. அந்த அழுகல் ரத்தத்தில் கலந்ததுதான் உன் சாவு. அதை அப்படியே எழுதுவதாகச் சொன்னார். எழுதியும் இருக்கிறார். அவர் கையைத் தொட்டுக் கும்பிட்டேன். மறுபடி தைத்துத் தந்த உன்னை நாங்கள் குளிப்பாட்டினோம். அந்த இடத்தில் நான்தான் தண்ணீர் விட்டேன், வலிக்கும் என்று மெதுவாக விட்டேன். செல்வி வந்து சேர்ந்திருந்தாள். எண்ணெய் வைத்தோம். என் கோடியோடு போனாய்.

இனி இல்லத்துக்காரர்கள் ஸ்டேஷனில் சொன்னதைக் கேள். மூட்டை சுமந்த ஆள், அது பழைய காயம் என்றார்கள். பக்கவாதம் வந்தவருக்குப் புண் வருவது சகஜம் என்றார்கள். ஆள் பற்றாக்குறை என்றார்கள். கடைசியில், குடும்பத்தார் யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்றார்கள். ஞாயிறுதோறும் எட்டிப் பார்த்த என் முகத்துக்கு நேரே சொன்னார்கள் மாப்ள. நான் எழுந்து நின்று, அந்தப் பச்சைக் கம்பளியில் ஒரு மூலை எலி கடித்திருக்கும், எடுத்து வரச் சொல்லுங்கள் என்றேன். எஸ்.ஐ. எடுத்து வரச் சொன்னார். கடித்திருந்தது. உன்னைப் போர்த்தியதைத் துவைத்து இன்னொரு கிழவரைப் போர்த்தியிருந்தார்கள்.

அவர்களுக்காகப் பேச ஒரு பெரிய மனிதர் வீட்டுக்கும் வந்தார். மரப்படி ஏறி மூச்சு வாங்கினார். கனகம் சாயா கொடுத்தாள். குடித்துவிட்டு, "சேட்டனுக்கு இப்போ என்ன வேணம்?" என்றார்.

"அவனைப் புரட்டியிருக்கணும். அதுதான் வேணும்" என்றேன்.

"அது கழிஞ்ஞ காரியமல்லே. நடக்கக்கூடியது வல்லதும் பறயு." அது முடிந்துபோன காரியமாம், நடக்கக்கூடியதாக ஏதாவது சொல்ல வேண்டுமாம்.

"நடக்கக்கூடியதா இருந்தப்பதானே நீங்க நடத்தல."

படியில் இறங்கும்போது, பாண்டிகளுக்குப் பிடிவாதம் ஜாஸ்தி என்று யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டே போனார். தமிழ் ஆட்களை இளக்காரமாகச் சொல்கிற சொல் அது. எனக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பது அவருக்குத் தெரியாது.

உன் பக்கத்துக் கட்டிலில் குரியன் என்று ஒருவர் கிடந்தாரே, சர்க்கரை வியாதியில் இரண்டு காலும் எடுத்த பஸ் கண்டக்டர். முதலில் போலீஸ் கேட்டபோது அவர் வாயே திறக்கவில்லை. எல்லாம் சுகம், ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. கேஸ் ஆனபிறகு உறவினர்கள் கட்டில்வரை போகலாம் என்று உத்தரவு வந்திருந்தது. உறவு என்று சொல்லிக்கொண்டு நான் அவரைப் பார்க்கப் போனேன். பழம்பொரி வாங்கிப் போனேன், உனக்குப் பிடித்தது. அதை அவர் தின்று முடிக்கும்வரை காத்திருந்து கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று.

பாலக்காடு, கோயம்புத்தூர் என்று பஸ்ஸில் ஓடிய ஆள், நம் பாஷையில் கொஞ்சம் பேசுவார். "அண்ணாச்சி, போலீசு ஜீப்பில ஏறிப் போயிடும். நான் இங்கதானே கிடக்கணும்? மேனேஜர் தலைமாட்டில நிக்கறான். சொல்லிட்டா நாளைக்கி என்னை யாரு புரட்டும்?"

என் கோபம் அங்கேயே செத்தது.

மெதுவாகச் சொன்னார். நீ வலியில் முனகும்போதெல்லாம் அவர் மணி அடிப்பாராம். அடிக்கடி அடிக்கிறார் என்று மணியின் வயரைப் பிடுங்கிவிட்டார்கள். பிறகு கட்டில் கம்பியில் ஸ்பூனால் தட்டினாராம். "கண்டக்டரல்லே, பெல்லடிக்காம இருக்க முடியுமோ?" என்று சிரித்தார். ஸ்பூனையும் எடுத்துக்கொண்டார்கள். கஞ்சியைக் கையால் குடிக்க வைத்தார்கள். இடது கையால் புண்ணைத் தொடுகிறாய் என்று உன் கையைக் கட்டினார்கள். "உங்க மாப்ள என்னைத்தான் பார்த்துக் கிடப்பான். நான் கண்ணு மூடிப்பேன். வேற என்ன செய்ய?"

காற்று மெத்தை எங்கே என்று கேட்டேன். அது முன்னறையிலேயே இருக்கிறதாம். சேர்க்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக. அதில் யாரும் படுத்து அவர் பார்த்ததில்லை.

அதற்குமேல் ஒன்று சொன்னார், அதுதான் என்னைத் தூங்கவிடாத சொல். உனக்கு முன்னால் அதே கட்டிலில் கிடந்த ஆளும் இப்படித்தான் நாறிப் போனாராம். கட்டி, பன்னீர் தெளித்து, வளையம் வைத்து, நேராகச் சுடுகாடு. சுகமான மரணம். அவர் பிள்ளைகள் கைகூப்பி நன்றி சொல்லிவிட்டுப் போனார்களாம். அவிழ்த்துப் பார்க்கிற வழக்கம் அவர்களுக்கு இல்லை. அந்த முடிச்சுகளுக்குள் இன்னும் எத்தனை பேர் இப்படிப் போனார்கள்? யார் கேட்டார்கள்? ஒரு ஆள் செத்தால் ஒரு டாக்டர் எட்டிப் பார்க்காமலே காகிதம் கொடுத்துவிடலாம், யாரிடமும் சொல்ல வேண்டாம், சாம்பலாக்கிவிட்டால் சரி. கோழிக்கடையில் கோழி செத்தால்கூட அடுத்த கடைக்காரன் ஏன் என்று கேட்பான்.

இதை நான் எஸ்.ஐ.யிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் போனேன். மறுபடியும் கேட்டுக்கொண்டார். செல்வி கலெக்டர் ஆபீசுக்கும் மனுப் போட்டாள், கனகம் என்னை அந்த ஆபீஸ் இருக்கிற காக்கநாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் வெளிப்பெஞ்சில் உட்கார வைத்தாள். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. பியூனுக்கு என் பெயர் பழகிவிட்டது. "அம்மாவன் இன்னும் வந்நோ?" என்று சிரிப்பான், மாமா இன்றைக்கும் வந்தாச்சா என்று. வருவேன் என்பேன்.

ஒருநாள் அங்கிருந்து ஒரு பெண் அதிகாரி, என்னையும் கூட்டிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் அந்த இல்லத்துக்குப் போனார். மேனேஜரை வெளியே அனுப்பினார். என்னையும் வெளியே போகச் சொன்னார், அது சரிதான். கதவைச் சாத்திக்கொண்டு குரியன் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்றைக்கு அந்த மனிதர் பேசியிருக்கிறார். அதிகாரி அவரைப் புரட்டச் சொல்லிப் பார்த்திருக்கிறார். அவர் முதுகிலும் தொடங்கியிருந்தது. அன்றே ஆம்புலன்ஸ் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. போகும்போது என்னைப் பார்த்து, "டபுள் பெல் அண்ணாச்சி. வண்டி போட்டே" என்றார். போகலாம் என்று அர்த்தம்.

அவர் புண் ஆறிக்கொண்டிருக்கிறது மாப்ள. நேற்றுக்கூடப் பார்த்துவிட்டு வந்தேன். போர்வையை விலக்கிக் காட்டச் சொல்லித்தான் பார்ப்பேன். "இந்த ஆளுக்கு என் மூஞ்சி வேண்டாம், முதுகுதான் வேணும்" என்று நர்ஸிடம் புகார் சொல்கிறார்.

இத்தனைக்கும் பிறகு அந்த இல்லம் திறந்துதான் இருக்கிறது. சுவருக்குப் புதுச் சாயம் அடித்திருக்கிறார்கள். செம்பருத்தி பூத்திருக்கிறது. உன் கேஸ், பார்க்க வேண்டியவர்கள் பார்க்காமல் விட்டதால் வந்த சாவு என்று மாறியிருக்கிறது. மேனேஜர் ஜாமீனில் வெளியே நடக்கிறான். அந்தக் கட்டிலில் உனக்கு முன்னால் கிடந்தவரின் மகனைத் தேடிப் பிடித்தோம். "போன அச்சன் போயி. இனி எந்தினா?" என்று கதவைச் சாத்திக்கொண்டான். அப்பா போனது போனதுதான், இனி எதற்கு என்கிறான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் கைகூப்பி நன்றி சொன்னவன். அதை எப்படித் திருப்பி வாங்குவான்?

சுடலைமுத்து அண்ணாச்சி போன வாரம் வந்தார். தாம் அன்றைக்குப் பேசியதை மனசில் வைக்க வேண்டாம் என்றார். சங்கத்தில் ஒரு தீர்மானம் போட்டிருக்கிறார்களாம்: நம் ஆள் யார் எந்த இல்லத்தில் இருந்தாலும், ஞாயிறு முறைவைத்து இரண்டு பேர் போய்ப் புரட்டிப் பார்த்துவிட்டு வர வேண்டும். நம் ஆள் மட்டும் என்ன, பக்கத்துக் கட்டிலையும் பாருங்கள் என்றேன். "அதுக்கென்னவே, பாத்துட்டாப் போச்சு" என்றார். சும்மா சொல்லவில்லை, இந்த ஞாயிறு அவரே முதல் ஆளாகப் போனார்.

அடுத்த விசாரணைக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் பார்த்ததைச் சொல்ல வேண்டுமாம். எதிர்ப்பக்கத்து வக்கீல், வயதானவர், எழுத்துத் தெரியாதவர், மறந்திருப்பார் என்று சொல்வார் என்று கனகம் இப்போதே பயமுறுத்துகிறாள். சொல்லட்டும். கம்பளியில் எலி கடித்தது எந்த மூலை என்று கேட்கட்டும்.

தோப்பும்படிப் பாலத்து ஏற்றம் உனக்கு ஞாபகம் இருக்கும். சுக்கு மூட்டை நெஞ்சு உயரத்துக்கு அடுக்கி, நீ வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு குனிவாய். பாதி ஏற்றத்தில் உனக்கு மூச்சு முட்டும். திரும்பிப் பார்க்க முடியாது, பார்த்தால் வண்டி பின்னால் வந்துவிடும். முன்னால் பார்த்துக்கொண்டே கத்துவாய்: "மச்சான், இருக்கியா?" நான், "இருக்கேன், இழு" என்பேன். அதுதான் நம் ஏற்பாடு. பின்னால் நிற்கிறவன் கையை எடுக்கக்கூடாது.

அந்த முன்கூடத்தில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்தாயே, அப்போதும் அதைத்தானே கேட்டாய்? இருக்கியா என்று?

இருக்கேன் மாப்ள. இது பெரிய ஏற்றம், எனக்கும் மூச்சு வாங்குகிறது. ஆனால் உன்னைப் புரட்டாதவர்கள் யார், புரட்டாமலே சுகமான மரணம் என்று எழுதியது யார் என்று சொல்லவைக்கும்வரை இந்தக் கையை வண்டியிலிருந்து எடுக்க மாட்டேன். எனக்குக் கை ஓய்ந்தால் கனகம் கை வைப்பாள், செல்வி கை வைப்பாள்.

நீ திரும்பிப் பார்க்க வேண்டாம்.

உனக்குப் பின்னால் நிற்கிற,
பேச்சியின் அண்ணன்,
உன் மச்சான்.